மூன்று மைலுக்கு அப்பால் ஒரு மீன்

என் கணவர் அர்லிந்தோ இருபத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ரயில் ஓடுவது நின்றுபோய்ப் புல் முளைத்துவிட்ட தண்டவாளத்தைக் கடக்கும்போதும் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கிளப்புவார். பின்னால் வரும் கார்க்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். "சட்டம் நிக்கச் சொல்லுது, நிக்கிறேன். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்பார்.

ஓய்வு பெற்றதும் அந்தக் குணத்தையெல்லாம் மீன்பிடிப்புக்குக் கொண்டுபோனார். பிரிஸ்டலில் எங்கள் போர்ச்சுகீசியர் கிளப்பில் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு வகுப்பு எடுப்பார். தரையில் ஒரு நீலக் கயிற்றைப் போட்டு அதன் இரண்டு பக்கமும் ஆட்களை நிறுத்துவார். அமெரிக்காவில் எங்கள் ரோட் தீவு மாநிலத்தில் எல்லோரும் ஆசைப்படுவது ஸ்ட்ரைப்பர் என்ற மீனுக்குத்தான். வெள்ளி உடம்பில் தலையிலிருந்து வால்வரை கறுப்புக் கோடுகள் ஓடும். அதைப் பற்றித்தான் பாதி வகுப்பும்.

"கரையிலேர்ந்து மூணு மைல் வரைக்கும் மாநிலத்தோட கடல். அங்க ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு மீன். இருபத்தெட்டு இஞ்சுக்குக் குறையவும் கூடாது, முப்பத்தொண்ணைத் தொடவும் கூடாது. கயித்தைத் தாண்டிட்டா மத்திய அரசோட கடல். அங்க ஸ்ட்ரைப்பரைப் பிடிக்கவும் கூடாது, கையில வெச்சிருக்கவும் கூடாது. எங்க பிடிச்சதா இருந்தாலும் சரி."

"அப்ப நடுக்கடல்ல இருக்கற நம்ம பிளாக் தீவுலேர்ந்து மீனோட எப்படி வீட்டுக்கு வர்றதாம்? நடுவுல மத்தியக் கடல்தானே?" என்று யாராவது கேட்பார்கள்.

"தீவுக்கும் கரைக்கும் நடுவுல ஒரு பட்டை விட்டிருக்காங்க. அதுல மட்டும் மீனோட வரலாம். ஆனா தூண்டில் போடக்கூடாது, எங்கேயும் நிக்கக்கூடாது, வந்துக்கிட்டே இருக்கணும். தீவுக்குத் தெக்கே அந்தச் சலுகையும் கிடையாது."

"எந்தக் கடல்ல நீந்துறோம்னு மீனுக்குத் தெரியுமா மாஸ்டர்?"

"மீனுக்குத் தெரிய வேண்டாம். உனக்குத் தெரிஞ்சாப் போதும்."

சிரிப்பார்கள். ஆனால் எழுதிக்கொள்வார்கள். இவர் வகுப்பில் உட்கார்ந்த யாரும் இதுவரை மாட்டியதில்லை என்பது கிளப்பில் ஒரு பெருமை.

என் தம்பி ஜில் அந்த வகுப்புக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவன். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு இஞ்சு குட்டையான இரண்டு மீன்களோடு பிடிபட்டான். கோர்ட்டு, அபராதம், ஒரு பருவம் முழுக்க மீன்பிடி அனுமதி ரத்து. அப்புறம் ரொம்ப அலைந்து, கலிலி துறைமுகத்தில் சுற்றுலாக்காரர்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் ஒரு படகில் வேலைக்குச் சேர்ந்தான். முதலாளி சேர்க்கும்போதே சொல்லிவிட்டாராம்: "இன்னொரு தடவை உன் பேர் எந்தக் கடுதாசியிலயாவது வந்துச்சு, அதோட நீ கரையிலதான்." ஜில்லுக்குக் கடலைத் தவிர வேறு வேலை தெரியாது. ஐம்பது வயதில் எங்கே போய்ப் புதிதாகக் கற்றுக்கொள்வான்?

என் கணவருக்கும் ஜில்லுக்கும் நடுவில் நடந்ததைப் பிற்பாடு இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டு கதையும் ஒன்றுபோலவே இருந்தது. அதனால் அது உண்மை என்று நம்புகிறேன்.

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஜில்லுக்கு அன்று விடுமுறை, இவரோடு மீன்பிடிக்கக் கிளம்பினான். காலையில் நான் சோரிஸோ இறைச்சியும் மிளகாயும் வதக்கி ரொட்டிக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். எங்கள் படகு இருபத்திரண்டு அடி, பழையது. பிளாக் தீவைச் சுற்றிக்கொண்டு தென்மேற்கே கடலடிப் பாறைத்திட்டு ஒன்று இருக்கிறது. தீவைச் சுற்றி ஓடும் மூன்று மைல் கோடு அதன் முதுகின் மேலேதான் போகிறது. பாறைக்கு அந்தப் பக்கம் மீன் அதிகம். பாதிப் பேர் நைசாக நழுவிப் போவார்கள். இவர் கோட்டுக்குக் கால் மைல் உள்ளேயே நின்றார், திரையில் படகின் புள்ளியைப் பார்த்துக்கொண்டே.

"மாமா, அங்க பாருங்க, பறவையெல்லாம் அந்தப் பக்கம்தான் விழுது. நாம இங்க உக்காந்து ஜெபம் பண்றோம்."

"உனக்கு வேணும்னா நீந்திப் போ மாப்ளே. படகு வராது."

பதினோரு மணிக்கு ஜில்லின் தூண்டிலில் ஒன்று மாட்டியது. இவர் தானே அளந்தார். இருபத்தொன்பதரை இஞ்சு. "ராஜா மாதிரி இருக்கு. எவன் வந்து கேட்டாலும் காட்டலாம்," என்று சந்தோஷப்பட்டு ஐஸ் பெட்டியில் வைத்தார். இவர் தூண்டிலில் ஒன்றும் விழவில்லை. போதும் என்று கிளம்பத் தீர்மானித்துச் சாவியைத் திருப்பினார்.

டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எஞ்சின் கிளம்பவில்லை. இடம் காட்டும் திரையும் அணைந்துவிட்டது. வயர்ப் பெட்டியிலிருந்து லேசாகப் புகை வந்தது.

இருவரும் ஒரு மணி நேரம் போராடினார்கள். ஃபியூஸ் மாற்றினார்கள், வயரைச் சுரண்டிக் கட்டினார்கள். நங்கூரம் இறக்கினார்கள். முழுக் கயிற்றையும் விட்டும் அடியில் பிடிக்கவில்லை, பாறையில் உரசிக்கொண்டு கூடவே வந்தது. கடல் வற்றும் நேரம். நீரோட்டம் தெற்கே இழுத்தது, காற்றும் வடக்கிலிருந்து. தீவின் செம்மண் மேடு கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே போனது.

அப்போதுதான் இவருக்கு நினைவு வந்து கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தார். புள்ளி கோட்டுக்கு வெளியே இருந்தது. அதிகமில்லை, இருநூறு கெஜம்.

"என்ன மாமா?"

"வெளியே வந்துட்டோம்."

"எதுக்கு வெளியே?"

"கோட்டுக்கு."

ஜில் சிரித்துவிட்டானாம். "எஞ்சின் செத்துப்போச்சு, நடுக்கடல்ல மிதக்கிறோம். இவருக்குக் கோடு!" அப்புறம் ஐஸ் பெட்டியைப் பார்த்திருக்கிறான். சிரிப்பு நின்றுவிட்டது. "மாமா, மீனைத் தூக்கிப் போட்டுடறேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? நீங்கதானே கிளப்புல சொல்றீங்க, கையில வெச்சிருந்தாலே குத்தம்னு."

"நாம உள்ளேதானே பிடிச்சோம்? அளவு சரியா இருக்கு. கணக்கு சரியா இருக்கு. ஒழுங்கா பிடிச்ச மீனைத் திருட்டு மீன் மாதிரி எதுக்குத் தூக்கிப் போடணும்? செத்த மீனைக் கடல்ல வீசுறது மட்டும் நியாயமா?"

"நியாயம் பேசற நேரமா இது? யாரும் பாக்கலை. போடறேன், விடுங்க."

"பெட்டியைத் தொடாதே மாப்ளே."

இவர் குரலை உயர்த்தவே மாட்டார். பேருந்தில் நாற்பது பிள்ளைகள் கத்தும்போதுகூட உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினாராம். ஜில் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

கை ரேடியோ ஒன்று தனி பேட்டரியில் இருந்தது. இவர் உதவி கேட்டார். இருக்கும் இடத்தைக் கேட்டார்கள். கைப்பேசியைப் பார்த்து எண்களைப் படித்தார். கோட்டுக்கு வெளியே இருக்கும் எண்கள். பொய்யாக உள்ளே சொன்னால் தேடி வருகிறவர்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்களே! இழுவைப் படகு வர இரண்டரை மணி நேரமாகும் என்றார்கள். அதற்குள் பக்கத்தில் இருந்த மத்திய அரசின் ரோந்துப் படகு ஒன்று கேட்டுவிட்டு, நாங்கள் வருகிறோம் என்றது.

ரோந்துப் படகு அடிவானத்தில் வெள்ளையாகத் தெரிந்ததும் ஜில் எழுந்து நின்றான். "மாமா, கடைசியா கேக்கறேன்."

"இப்ப போட்டா அதான் பெரிய குத்தம். அதிகாரி வர்றதைப் பார்த்துட்டு வீசுறதுக்கு என்ன பேர் தெரியுமா?"

அதுவும் சட்டப்படி சரிதான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது போட முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. ஜில் படகின் பக்கவாட்டில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டானாம். "என் வேலை போச்சு மாமா" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

வந்த அதிகாரி சின்ன வயதுக்காரர், முப்பதுகூட இருக்காது. கோல்பர்ன் என்று சட்டையில் பெயர். ரொம்ப மரியாதையாகப் பேசியிருக்கிறார். இருவருக்கும் தண்ணீர் கொடுத்தார், உடம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டார், இழுவைக் கயிற்றை மாட்டச் செய்தார். உயிர்காப்புச் சட்டைகளை எண்ணிப் பார்த்தார். எல்லாம் சரி. கடைசியில்தான் ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"இது யாரோட மீன்?"

ஜில் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார்: "என்னோடது."

ஜில் அவரைத் திரும்பிப் பார்த்தான். இவர் திரும்பவில்லை.

"எங்க பிடிச்சீங்க ஐயா?"

"பாறைத்திட்டுக்கு வடக்கே. கோட்டுக்குக் கால் மைல் உள்ளே. எஞ்சின் நின்னப்புறம் நீரோட்டம் இழுத்துட்டு வந்துருச்சு."

"அதுக்கு ஏதாவது பதிவு இருக்கா?"

திரை எரிந்துபோயிருந்தது. கைப்பேசியில் இருந்த முதல் புள்ளியே கோட்டுக்கு வெளியே. ரேடியோவில் சொன்ன இடமும் வெளியே. இவர் தன் கையாலேயே தனக்கு எதிராக இரண்டு சாட்சிகளை உண்டாக்கி வைத்திருந்தார்.

"நான் உங்களை நம்பலைன்னு சொல்லலை," என்றார் அந்தப் பிள்ளை. "ஆனா நான் முடிவு பண்றவன் இல்ல. பார்த்ததை எழுதுறவன். மேல இருக்கறவங்க பார்த்துக்குவாங்க." மீனைப் படம் எடுத்து, அளந்து, எடுத்துக்கொண்டு போனார். வாக்குமூலத் தாளில் 'மீனைப் பிடித்தவர்' என்ற இடத்தில் இவர் பெயரை எழுதி, இவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவர் என்னிடம் எஞ்சின் பழுது என்று மட்டும் சொன்னார். சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். நான் படகுக்கு ஆகப்போகும் செலவை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று இருந்துவிட்டேன்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. அபராதம் இல்லை. எழுத்துமூல எச்சரிக்கை. மத்தியக் கடலில் ஸ்ட்ரைப்பர் வைத்திருந்தது உறுதியாகிறது, இது பதிவில் இருக்கும், ஆட்சேபம் இருந்தால் அறுபது நாளுக்குள் உண்மை விவரங்களோடு கையெழுத்திட்டு முறையீடு செய்யலாம். அப்போதுதான் எனக்கு மீன் விஷயமே தெரிந்தது. நான் நிம்மதியாகச் சிரித்தேன்.

"எச்சரிக்கைதானே? இதுக்கா இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க?"

"முறையீடு பண்ணணும் இதலினா. நான் தப்பு பண்ணலை."

"பண்ணுங்க. யாரு வேணாம்னா?"

அவர் பண்ணவில்லை. மேசையில் தாளை வைத்துக்கொண்டு உட்காருவார், எழுந்துவிடுவார். மாநில அலுவலகத்துக்குப் போன் செய்தார். அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் பேசினாள். நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்ததுன்னா அது எங்களுது இல்லை சார்."

"மீன் உங்க பக்கம்தாம்மா பிடிச்சது. அதை நீங்க எழுதிக் கொடுத்தா..."

"எங்க ஆளு யாரும் அங்க பாக்கலையே? பாக்காததை எப்படி எழுதிக் கொடுக்கறது?"

மத்திய அலுவலகத்தில் பேசியவர் இன்னும் அன்பாகப் பேசினார். "உங்க மாநிலம் ஒரு கடுதாசி கொடுத்தா நிச்சயம் பரிசீலிப்போம்" என்றார். இவர் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வைத்த கையை வெகுநேரம் அதன்மேலேயே வைத்திருந்தார்.

கடித விஷயம் எப்படியோ வெளியே தெரிந்து, செப்டம்பரில் கிளப் தலைவர் வீட்டுக்கு வந்தார். இனிப்பு ரொட்டியோடு வந்ததைப் பார்த்தபோதே நல்ல செய்தி இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. "யாரும் தப்பா நினைக்கலை அர்லிந்தோ. ஆனா உங்க மேலயே ஒரு கடுதாசி இருக்கும்போது... ஒரு வருஷம் வேற யாராவது வகுப்பு எடுக்கட்டுமே?" இவர் உடனே ஒப்புக்கொண்டார். தலைவர் சமாதானம் சொல்லத் தயாரித்து வந்த வார்த்தைகளுக்கெல்லாம் வேலையே இல்லாமல் போய்விட்டது.

அந்த வாரம்தான் ஜில் வந்தான். நான் வேலை செய்யும் பள்ளிச் சமையலறையின் பின்வாசலுக்கு. ஜூனுக்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் படகில் வேலை என்பான்.

"அக்கா, அது என் மீன்."

"எது?"

"மாமா மேல எழுதியிருக்காங்களே, அந்த மீன். நான் பிடிச்சது. அவர் என்னோடதுன்னு சொல்லிட்டார்."

என் கையில் தட்டுகள் இருந்தன. கீழே வைத்தேன். "நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே அப்ப?"

"ஒண்ணும் பண்ணலை."

"வாயில என்ன கொழுக்கட்டையா? அது என்னோடதுன்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமாடா?"

"சொல்லலைக்கா. வேலை போயிடும்னு பயம். சொல்லணும்னு நினைச்சேன். அதுக்குள்ள அவர் கையெழுத்துப் போட்டுட்டார்." அவன் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். "எல்லாத்தையும் எழுதியிருக்கேன். மீன் என்னோடது, உள்ளேதான் பிடிச்சோம், போடறேன்னு சொன்னேன், அவர் தடுத்தார், எல்லாம். மாமாகிட்ட கொடு. முறையீட்டோட சேர்த்து அனுப்பட்டும்."

அன்று மாலை அந்தத் தாளை என் கணவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கான். எழுத்துப் பிழைகூட இல்லை."

"அனுப்பலாம்தானே?"

"அனுப்பினா என்ன ஆகும் தெரியுமா? நான் அதிகாரிகிட்ட பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்னு ஆகும். மத்திய அதிகாரிகிட்ட பொய் சொல்றது மீனை விடப் பெரிய குத்தம். அவன் பேரும் கடுதாசியில ஏறும். இப்ப ஒருத்தன் மாட்டியிருக்கேன். அப்புறம் ரெண்டு பேர்."

"அப்ப அவன் பேரைச் சொல்லாம உங்க முறையீட்டை மட்டும் எழுதுங்க."

"உண்மை விவரங்களோட கையெழுத்துன்னு கடுதாசியில போட்டிருக்கு. மீனை நான் பிடிச்சேன்னு மறுபடி ஒரு தடவை எழுதணும். முதல் தடவை வாய் தவறி வந்துச்சு. ரெண்டாவது தடவை உக்காந்து யோசிச்சு எழுதச் சொல்றியா?"

"எதுக்குங்க அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவன் போடறேன்னு சொன்னான். நான் பெட்டியைத் தொடாதேன்னேன். என் நியாயத்துக்கு அவன் வேலை போகணுமா?"

எங்கள் தேவாலயத்தில் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்லாமல், தெரிந்தவர் ஒருவருக்கு என்று சொல்லிக் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சவர்கிட்ட சொல்லுங்க, ஒண்ணும் பண்ண வேண்டாம்னு. சும்மா இருக்கறதுதான் இதுல புத்திசாலித்தனம்."

சும்மா இருப்பது எப்படி என்று என் கணவருக்குத் தெரியாது. படகின் வயர்களையெல்லாம் மாற்றினார். மாற்றி முடித்தவர் அதைக் கடலில் இறக்கவில்லை, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். ஒருநாள் காலையில் பார்த்தால் அடுப்பங்கரைக் காலண்டரில் அக்டோபர் பதினான்கைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். அறுபதாவது நாள்.

ஜில்லின் தாள் என் கைப்பையில் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிடு என்று அவர் சொல்லியிருந்தார். நான் கொடுக்கவில்லை. அந்தப் பதினான்காம் தேதி, பள்ளி முடிந்ததும் தபால் நிலையத்துக்குப் போனேன். உறையில் முகவரிகூட எழுதியிருந்தேன். எனக்கு முன்னால் நாலு பேர். கவுன்டரில் இருந்தவர் ஒவ்வொருவரிடமும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அனுப்பினால் என் கணவர் பொய்யர், என் தம்பிக்கு வேலை இல்லை. அனுப்பாவிட்டால் என் கணவர் செய்யாத குற்றத்தோடு சாகும்வரை இருப்பார். நாலு பேர் மூன்று பேராகி, இரண்டு பேராகி, என் முறை வந்தது.

"சொல்லுங்கம்மா?"

"ஸ்டாம்ப் ஒரு சுருள் கொடுங்க," என்றேன். வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது ஜில்லின் வண்டி வாசலில் நின்றது. நாலு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் வருகிறான். உள்ளே வரத் தயங்கி, கதவருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இன்று என்ன தேதி என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

"அனுப்பிட்டியா அக்கா?"

"இல்லை."

"ம்," என்றான்.

அவன் தோள் இறங்கியதைப் பார்த்தேன். எவ்வளவு அடக்கியும் அந்த நிம்மதி முகத்தில் வந்துவிட்டது. அனுப்பச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான், அனுப்பாததற்கு மூச்சு விட்டவனும் அவன்தான். கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல் இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவன் தொப்பியை வாங்கிக் கொக்கியில் மாட்டினேன்.

உள்ளறையிலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. "யாரு வந்திருக்கறது?"

"ஜில்."

அப்புறம், "சாப்பிட்டானான்னு கேளு," என்றார்.